ஐந்து நாட்டு லீக்கில் ஆடிய ஒரு டிஃபென்டரும் திருகோணமலைப் பெடியனும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: மகனுக்கு 17 வயது, திருகோணமலையில் பாடசாலை அணிக்கு நடுப் பின்களத்தில் ஆடுகிறான், நல்ல உயரம். ஒரு ஏஜென்ட் நேரே ஐரோப்பாவுக்கு ட்ரயலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். டிஃபென்டர் ஒருவர் லீக் லீக்காக மேலே போவது உண்மையில் எப்படி நடக்கிறது, ஆசியாவில் இருந்து அப்படிப் போனவர் யாராவது இருக்கிறார்களா?

அண்ணா, ஏஜென்ட் விசயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதுவரைக்கும் காசு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மற்றக் கேள்வி. ஆசியாவில் இருந்து போன டிஃபென்டர் என்றால் நான் கை காட்டுவது தென்கொரியாவின் கிம் மின்-ஜேயைத்தான். கொரியா, சீனா, துருக்கி, இத்தாலி, ஜேர்மனி என்று ஐந்து நாட்டு லீக்கில் ஆடியவர், அதில் மூன்றில் சம்பியன். அதே நாட்டு சோன் ஹியுங்-மின்னை எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் கோல் அடிப்பவர். பின்னால் நிற்பவனைப் பற்றி யார் கதைக்கிறார்கள்? அவன் பெயர் அடிபடுவது பிழை விட்ட அன்றைக்குத்தான்.

கிம் பிறந்தது 1996இல், டொங்யொங் என்ற ஊரில். கொரியாவின் தென்கரையில் துறைமுகமும் மீன்பிடியுமாக இருக்கிற ஊர், நமக்கு விளக்கத் தேவையில்லாத வகை. பெற்றோர் மீன் சாப்பாட்டுக்கடை நடத்தியவர்கள். அப்பா முன்னாள் ஜூடோ வீரர், அம்மா மெய்வல்லுநர் வீராங்கனை, உடம்பு வந்த வழி அது. 190 செ.மீ உயரம், அந்த உயரத்தில் அவ்வளவு வேகமாக ஓடுகிற பின்கள வீரர்கள் குறைவு. படித்தது சுவோன் தொழில்நுட்ப உயர்பாடசாலையில், மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு ஆடிய பார்க் ஜி-சுங் படித்த அதே பாடசாலை. அதற்குப் பிறகு யொன்செய் பல்கலைக்கழகம், அதையும் பாதியில் விட்டார். விட்டுவிட்டு எங்கே போனார் தெரியுமா? 2016இல் கியொங்ஜு நகரத்தில் அணுமின் கம்பனி ஒன்றின் அணிக்கு, தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே இருந்த ஒரு லீக்கில். பிற்காலத்தில் ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் கழகம் 5 கோடி யூரோ கொடுத்து வாங்கிய ஆள் 19 வயதில் மின்சாரக் கம்பனிக்கு ஆடிக்கொண்டிருந்தார். உங்கள் மகனுக்கு இப்போது 17. பிந்திவிட்டது, பிந்திவிட்டது என்று யாராவது அவசரப்படுத்தினால் இந்த ஒரு விசயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2017இல் கொரியாவின் பெரிய கழகம் ஜியோன்பக் எடுத்தது. எடுத்து வாங்கில் உட்கார வைக்கவில்லை, முதல் வருடமே முதல் பதினொருவரில் போட்டது, இதுதான் முக்கியம். கூட ஆடியவர்கள் எல்லாம் பழுத்த ஆட்கள். பயிற்சியில் மறிக்கவேண்டியது லீ டொங்-கூக் போன்ற அனுபவசாலியையும், இரண்டு மீற்றருக்குக் கிட்ட நிற்கிற கிம் ஷின்-வூக்கையும். 2017, 2018 இரண்டு வருடமும் லீக் சம்பியன், முதல் வருடமே சிறந்த இளம் வீரர் விருது. 2018இல் கால் எலும்பு முறிந்து ரஷ்யா உலகக் கிண்ணம் போனது. அதே வருடம் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இறுதியாட்டத்தில் ஜப்பானை மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்று தங்கம். அந்தப் பதக்கத்தின் பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது: கொரியாவில் ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம், தங்கம் எடுத்தவருக்கு அதில் விலக்கு உண்டு, சில வாரப் பயிற்சியும் சமூக சேவை மணித்தியாலங்களும்தான். ஒன்றரை வருடத்துக்கு மேல் முகாமில் கழிந்திருந்தால் பிறகு வந்த எதுவும் அதே வேகத்தில் வந்திருக்காது.

அடுத்தது சீனா, 2019இல் பெய்ஜிங் குவோஆன். கொரியாவில் நிறையப் பேர் திட்டினார்கள், காசுக்காகப் போகிறான், ஆட்டம் கெட்டுப்போகும் என்று. காசு ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, டிஃபென்டரின் கால் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் சம்பாதிக்கும். தவிர அந்த நேரம் சீன லீக்கில் ஹல்க், தலிஸ்கா, அர்னவுட்டோவிச் மாதிரி முன்கள வீரர்கள் நின்றார்கள். கொரியாவுக்குள்ளேயே இருந்திருந்தால் வாராவாரம் அப்படிப்பட்ட உடம்புகளோடு மோதக் கிடைத்திருக்குமா? ஆனால் என் கணக்கில் சீனாவில் ஒரு வருடம் கூடிப்போனது. 2020இல் கொரோனா வந்து லீக்கையே இரண்டு நகரங்களுக்குள் பூட்டி வைத்து ஆடினார்கள், ஐரோப்பாவில் இருந்து வந்து பார்க்க யார் இருந்தார்கள்?

2021 ஓகஸ்டில் துருக்கியின் ஃபெனர்பாஹ்சே சுமார் 30 இலட்சம் யூரோவுக்கு வாங்கியது. ஐரோப்பியச் சந்தையில் சில்லறைக் காசு. அப்போது அவருக்கு 24 வயது. இஸ்தான்புல் ரசிகர்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு பாஸ் பிழைத்தால் மைதானமே விசிலடிக்கும். அங்கே ஒரே பருவம்தான் ஆடினார். கழகம் ட்ராப்ஸொன்ஸ்போருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தது. யூரோப்பா லீக்கில் ஃபிராங்ஃபேர்ட், ஒலிம்பியாகோஸ், அன்ட்வேர்ப் ஆகியவற்றோடு ஒரே குழு. இத்தாலிக்காரர் பார்த்து முடிவெடுக்க அது போதும்.

இனி இத்தாலியின் நாப்போலி. 2022 யூலையில் அந்தக் கழகத்தில் எட்டு வருடம் தூணாக நின்ற காலிடு கூலிபாலி இங்கிலாந்தின் செல்சி கழகத்துக்குப் போனார், அந்த இடத்துக்குத்தான் கிம்மைக் கொண்டுவந்தார்கள், சுமார் 1.8 கோடி யூரோ. கூலிபாலியின் பாதையையும் ஒருக்கா பாருங்கள், ஏனென்றால் அதுவும் இதே மாதிரி ஏணிதான்: பிரான்ஸின் இரண்டாம் பிரிவில் மெட்ஸ், அந்தக் கழகம் 2012இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது, இவர் பெல்ஜியத்தின் கெங்க் கழகத்துக்குப் போனார், இரண்டு வருடம் கழித்து நாப்போலி. நாப்போலி பயிற்றுநர் ராஃபா பெனிட்டெஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது நண்பர்கள் யாரோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்து வைத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். செனகல் அணித் தலைவராக ஆபிரிக்கக் கிண்ணம் எடுத்தார், செல்சியில் ஒரு வருடம் சரிவரவில்லை, 2023இல் சவூதியின் அல் ஹிலால், அங்கே முதல் பருவமே தோல்வியே இல்லாமல் லீக் சம்பியன். 2025 கழக உலகக் கிண்ணத்தில் மன்செஸ்டர் சிட்டியை அல் ஹிலால் 4-3 என்று தோற்கடித்த ஆட்டத்தில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டதும் இவர்தான். இப்படிப்பட்டவர் விட்டுப்போன இடத்துக்கு, துருக்கியில் ஒரு வருடம் ஆடிய கொரியன் ஒருவன் வந்தால் நாப்போலி ரசிகன் என்ன நினைப்பான்?

அந்த ரசிகர்கள் கடைசியில் என்ன பார்த்தார்கள் என்றால், 33 வருடத்துக்குப் பிறகு ஒரு லீக் கிண்ணம். 2023 மே 4ஆம் திகதி உடினேயில் 1-1 என்று சமன் செய்து சம்பியன் ஆனார்கள், பருவம் முழுக்க 28 கோல்தான் வாங்கினார்கள், லீக்கிலேயே அதுதான் குறைவு, 38 ஆட்டங்களில் 35இல் கிம் ஆடினார், இத்தாலியின் முதல்தர லீக்கான சீரி ஆ-வின் சிறந்த டிஃபென்டர் விருதும் அவருக்கே. ஆசியர் ஒருவருக்கு அது முதல் தடவை. பயிற்றுநர் ஸ்பலெத்தி அவரை எப்படிப் பாவித்தார் என்பதுதான் மகன் உட்கார்ந்து பார்க்கவேண்டிய பாடம். கிம் வலது காலால் ஆடுபவர், நிறுத்தியது நடுப் பின்களத்தின் இடது பக்கத்தில், சோடியாக வலது பக்கத்தில் ரஹ்மானி. எதிரணி முன்கள வீரர் முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்க இறங்கி வருகிற அந்தக் கணத்தில் கிம் காத்திருக்க மாட்டார். பந்து அந்தக் காலில் படுவதற்கு முன்னாலேயே முன்னுக்குப் பாய்ந்து முந்திவிடுவார். தவறினாலும் திரும்பி ஓடிப் பிடிக்கிற கால் இருக்கிறது என்ற தைரியம்தான். ரஹ்மானி இரண்டடி பின்வாங்கி அந்த ஓட்டையை அடைத்துவிடுவார். ஒருவர் பாய, ஒருவர் காக்க. பெரும்பாலான டிஃபென்டர்கள் தனியாக நல்லவர்களாக இருப்பதில்லை, சோடியாகத்தான் நல்லவர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: யூலை மாதத்தின் முதல் பதினைந்து நாட்களுக்குள் வெளிநாட்டுக் கழகம் எதுவும் சுமார் 5 கோடி யூரோ வைத்தால் நாப்போலி மறிக்க முடியாது. கிம் அந்த 2023 கோடையில் மூன்று வார இராணுவப் பயிற்சியை முடித்துக்கொண்டு வர, பயர்ன் அந்தக் காசை வைத்துக் கூட்டிப்போனது. 30 இலட்சத்தில் இருந்து 5 கோடிக்கு, இரண்டே வருடத்தில்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது, ஏனென்றால் நாப்போலியில் எதற்காகக் கைதட்டினார்களோ மியூனிக்கில் அதற்காகவே திட்டு வாங்கினார். 2024 ஏப்ரல் 30, சம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம், எதிரில் ரியல் மட்ரிட். 24ஆவது நிமிடம். ரியலின் நடுக்கள வீரர் டோனி குரூஸிடம் பந்து இருக்கிறது. முன்கள வீரர் வினீசியஸ் கோலை விட்டு விலகி நடுக்களப் பக்கம் இறங்கி வருகிறார், கிம் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே வெளியே வருகிறார், அவருடைய பழைய பழக்கம். குரூஸ் தலையைத் தூக்கிப் பார்த்து, கிம் விட்டுவந்த இடத்தைக் கையாலேயே காட்டுகிறார். வினீசியஸ் சட்டென்று திரும்பி அதற்குள் ஓட, பந்து அவருக்கு முன்னால் உருண்டு வருகிறது, எதிரில் பயர்ன் கோல் காப்பாளர் நோயர் மட்டும். கோல். அதே ஆட்டத்தில் முடிவு நெருங்கும்போது ரொட்ரிகோவைக் காலால் விழுத்திப் பெனல்டியும் கொடுத்தார், 2-2. அன்றைக்குப் பயர்ன் பயிற்றுநர் தோமஸ் டூகெலே, கிம் பந்துக்கு அளவுக்கு மீறி ஆசைப்பட்டுவிட்டார் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பாய்ந்தது அதே ஆள், அதே பாய்ச்சல்தான். வித்தியாசம் எங்கே என்றால், அந்த இடத்தை அன்று யாரும் வந்து அடைக்கவில்லை, தவிர பாஸ் கொடுத்தது குரூஸ். லீக் மாறினால் டிஃபென்டருக்கு எது நல்ல ஆட்டம் என்பதே மாறிவிடும் என்று நான் சொல்வது இதைத்தான். முன்கள வீரன் பத்துத் தடவை பிழைத்து ஒருதரம் கோல் அடித்தால் அவன் வீரன், பின்கள வீரன் அறுபது நிமிடம் ஒழுங்காக நின்று ஒருதரம் பிழைத்தால் அந்த ஒன்றைத்தான் உலகம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும். அதனால்தான் பெரிய கழகங்கள் அனுபவமில்லாத டிஃபென்டரை இலேசில் இறக்குவதில்லை.

அடுத்த பருவம் வின்சென்ட் கொம்பனி பயிற்றுநராக வந்து பின்கள வரிசையை இன்னும் மேலே ஏற்றினார், கிம்மும் உபமெக்கானோவும் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று ஆடினார்கள், முதுகுக்குப் பின்னால் அரை மைதானம் வெறுமை. குதிகால் தசைநாணில் நோவோடு மாதக்கணக்கில் ஆடினார். கொரியப் பயிற்றுநர் ஹொங் மியுங்-போ, பயர்ன் வீரரைப் பாதுகாக்கவில்லை என்று 2025 மார்ச்சில் பகிரங்கமாகவே குறைப்பட்டார். மே மாதம் பயர்ன் சம்பியன். பயர்னின் முன்கள வீரர் ஹரி கேனுக்கு வாழ்நாளில் முதல் கிண்ணம் என்று எல்லாக் கமராவும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க, இத்தாலி, ஜேர்மனி இரண்டிலும் லீக் வென்ற முதல் கொரியன் ஓரமாக நின்றார்.

சரி, இதில் உங்கள் மகனுக்கு என்ன இருக்கிறது? கிம் போன ஒவ்வொரு இடத்திலும், போன உடனேயே வாராவாரம் ஆடினார். எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. ஜப்பானின் தொமியாசுவும் அப்படித்தான், அவிஸ்பா ஃபுகுவோகா, பெல்ஜியத்தின் சின்ட்-ட்ரூடன், பொலோஞா, அப்புறம் ஆர்சனல். நெதர்லாந்தின் டிஃபென்டர் வான் டைக் லிவர்பூலுக்கு வரும்போது வயது 26, அதற்கு முன்னால் குரோனிங்கன், செல்ட்டிக், சவுத்தாம்டன் மூன்றிலும் முழு நேரம் ஆடித் தேய்ந்துதான் வந்தார். சென்டர் பேக், அதாவது நடுப் பின்களம், பார்த்துப் பழகிப் பழுக்கிற தொழில். பந்து எங்கே விழும், பக்கத்தில் நிற்பவன் எப்போது அசைவான் என்பதெல்லாம் ஆட்டம் ஆடித்தான் வரும். பெரிய கழகத்தின் பயிற்சி உடுப்பைப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்தால் வராது.

ஏகாம்பரம் மைதானத்தில் வளர்கிற டிஃபென்டருக்கு ஒரு விசயம் நன்றாகவே வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கோல் காப்பாளர் உதைக்கிற உயரப் பந்து பாதி வழியில் நின்று யோசிக்கிற மாதிரி இருக்கும், பிறகு நினைத்த இடத்தில் இருந்து மூன்று நான்கு மீற்றர் தள்ளி விழும். அதற்குக் கீழே நின்று பழகியவனுக்கு இரண்டாவது பந்து, அதாவது முதல் மோதலில் தெறித்த பந்து, எங்கே துள்ளும் என்று கண் சொல்லிவிடும், காய்ந்த கட்டாந்தரைத் துள்ளல் வேறு. வராதது என்னவென்றால் நிலத்தோடு வேகமாக வருகிற பாஸை முதல் தொடுகையிலேயே அடக்கித் திருப்பிக் கொடுப்பது, அப்புறம் நான்கு பேரும் ஒரே வரியாக ஏறி இறங்குவது. நம் பக்கம் டிஃபென்டர் என்றால் தூக்கி அடிக்கத் தெரிந்தால் போதும் என்கிற எண்ணம் இன்னும் போகவில்லை. இரண்டு காலாலும் பாஸ் கொடுக்க இப்போதே பழகச் சொல்லுங்கள், வலது காலன் இடது பக்கத்தில் நிற்க முடிந்தால் அவனுக்கு வேலை இரண்டு மடங்கு.

இவனுடைய ஏணியின் முதல் படிகள் எங்கே? கிண்ணியா, மூதூர் பக்கம் வருடம் முழுக்க நடக்கிற சுற்றுப்போட்டிகளில் வளர்ந்த ஆண்களோடு மோத வேண்டும். அடுத்தது கொழும்புக் கழகங்கள், தேசிய இளையோர் அணி. அதற்கு வெளியே நம்மவர் உண்மையாகப் போயிருக்கிற இடம் மாலைதீவு, தேசிய அணியின் கோல் காப்பாளர் சுஜான் பெரேரா அங்கே கிளப் ஈகிள்ஸுக்கு ஆடியவர். கேட்கப் பெரிதாக இல்லை, ஆனால் சம்பளம் வாங்கி ஆடுகிற வெளிநாட்டு ஒப்பந்தம் அது. நேரே இங்கிலாந்து என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுங்கள்: அங்கே வேலை அனுமதி புள்ளிமுறையில், தேசிய அணிக்கு ஆடியதற்குப் புள்ளி வேண்டுமென்றால் நாடு உலகத் தரவரிசையில் முதல் 50க்குள் இருக்கவேண்டும், இலங்கை பல வருடமாக 200ஐ ஒட்டி நிற்கிறது. இலங்கைக்கு ஆடுகிற கிளாவுடியோ காமர்க்னெக்ட் ஜேர்மனியில் டைனமோ டிரெஸ்டனுக்கு ஆடியவராயிற்றே என்பீர்கள். அவர் அங்கேயே பிறந்து, ஃபிரைபேர்க்கின் இரண்டாம் அணி வழியாக வந்தவர், கடவுச்சீட்டே வேறு.

பதிவு விசயத்தையும் பாடசாலையும் கழகமும் பெரிதாக எடுப்பதில்லை, அதில் காசு இருக்கிறது. ஒரு வீரரை ஒப்பந்த காலத்துக்குள் காசு கொடுத்து வேறு நாட்டுக் கழகம் வாங்கினால், அந்தத் தொகையில் 5 வீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் போகவேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒரு பருவத்துக்கு 0.25 வீதம், 16 முதல் 23 வரை பருவத்துக்கு 0.5 வீதம். கிம்மின் 5 கோடியில் கணக்குப் போட்டால் 16 வயதுக்கு மேற்பட்ட ஒரு பருவத்துக்கே 2,50,000 யூரோ. அதில் நூறில் ஒரு பங்கு வந்தாலும் இங்கே ஒரு கழகம் வருடம் முழுக்க பந்து, சப்பாத்து வாங்கலாம். ஆனால் எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தான் என்பதற்கு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பதிவு இருந்தால்தான் கேட்கவே முடியும். மகனின் பதிவுத் தாள்களின் பிரதியை இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையையே இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் எடுத்தது, அப்படியான குழப்பங்களில் கையில் இருக்கிற தாள்தான் உதவும்.

இப்ப ஏஜென்ட். 18 வயது முடியாத ஒருவரை நாடு விட்டு நாடு பதிவு செய்ய ஃபிஃபா விடாது. விதிவிலக்குகள் உண்டு, பெற்றோர் உதைபந்தாட்டத்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்குக் குடிபெயர்ந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறினால், இப்படிச் சில. நீங்கள் சொன்ன நிலைமைக்கு எதுவும் பொருந்தவில்லை. ஆக அந்த மனிதர் சொல்கிற கழகம் மகனை விரும்பினாலும் 18 வயது முடியும் வரை பதிவு செய்ய முடியாது. உண்மையில் ஒரு கழகம் கூப்பிட்டிருந்தால் அழைப்புக் கடிதம் கழகத்தின் பெயரில் வரும், அதைக் கழகத்திடமே எழுதிக் கேட்டுச் சரிபார்க்கலாம். ஏஜென்டின் வருமானம் வீரர் ஒப்பந்தம் செய்த பிறகு வருகிற பங்குதான். வீட்டுக்கு வந்து தகப்பனிடம் முன்பணம் கேட்கிறவர் செய்வது வேறு வியாபாரம். காசுக்குப் பதிலாக ஒரு கமரா எடுங்கள், மேடைப் பக்கம் உயரமான இடத்தில் வைத்து முழு 90 நிமிடமும் எடுங்கள், தலையால் முட்டுகிற துண்டுகளை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டாம், டிஃபென்டரைப் பார்க்கிறவர்கள் பந்து இல்லாத நேரம் அவன் எங்கே நிற்கிறான் என்றுதான் பார்ப்பார்கள். அப்புறம் அந்த ஏஜென்டிடம் ஃபிஃபா அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் ஃபிஃபா இணையத்தளத்தில் யாரும் தேடிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அதில் ஆள் இல்லையென்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.